அராலிச் சாஸ்திரியாரும் அகன்ற மையமும்



இந்த வரிசையிலே புலவர்களைப் பற்றியும் நூல்களைப் பற்றியுமே இதுவரை பேசி வந்தேன். இன்று ஒரு சொல்லைப் பற்றிப் பேசப் போகிறேன். அது கணித நூலிலே இருக்கும் சொல். தமிழ் படிப்பிப்பவனுக்கு அங்கே என்ன அலுவல் என்று நீங்கள் கேட்கலாம். காரணம் இரண்டு உண்டு. ஒன்று கல்லூரியிலே நடந்தது. மற்றது வீட்டிலே நடந்தது.

கல்லூரியிலே நடந்தது சிறிய விடயந்தான். கணித ஆசிரியர் ஒருவர், என்னிலும் இளையவர், ஓய்வறையிலே ஒரு பழைய கேத்திரகணித நூலைக் கொண்டு வந்து என் மேசையிலே விரித்தார். "சேர், உந்தச் சொல்லுக்கு ஒரு நியாயம் சொல்லுங்கோ. பிள்ளையளின்ரை வாயிலை இது நுழையுதில்லை" என்றார். அவர் விரலை வைத்திருந்த சொல் 'மையவகற்சித்திறன்'. ஆங்கிலத்திலே 'எக்சென்றிசிற்றி' என்பதற்கு எங்கள் நாட்டிலே ஆக்கிய சொல். 1950களிலும் 60களிலும் அரசகரும மொழித் திணைக்களம் கலைச்சொற்றொகுதிகளை வெளியிட்ட காலத்துத் தமிழின் மணம் அதிலே வீசுகிறது. தமிழ்நாட்டுப் பாடநூல்களிலே இதனையே 'மையத்தொலைத்தகவு' என்பார்கள். நாங்கள் நீள்வளையம் என்பதை அவர்கள் நீள்வட்டம் என்பார்கள்; எங்கள் பரவளைவு அவர்களுக்குப் பரவளையம்.

நான் எனக்குத் தெரிந்த வழியிலே பதம் பிரித்தேன். மையம், அகற்சி, திறன். மையம் என்பதன் ஈற்று மகரம் கெட்டு, வகரம் உடம்படுமெய்யாக வந்து 'மையவகற்சி' ஆயிற்று. மையத்தினின்றும் அகலுதல் என்று விரித்தால் ஐந்தாம் வேற்றுமையின் நீங்கற்பொருள். கிரேக்கத்திலே 'எக்' என்றால் வெளியே, 'கென்றொன்' என்றால் மையம். இரண்டும் சேர்ந்துதான் ஆங்கிலச் சொல்லாயிற்று. அப்படிப் பார்த்தால் எங்கள் சொல்லாக்கக்காரர் உறுப்புக்கு உறுப்பாக மொழிபெயர்த்திருக்கிறார்கள். அதே 'கென்றொன்' வேறொரு வழியாக முன்னமே எங்களிடம் வந்து சேர்ந்த சொல் என்பதையும் சொல்ல வேண்டும். வடமொழிச் சோதிட நூல்கள் அதைக் 'கேந்திரம்' என்று எடுத்துக்கொண்டன. பெண்பிள்ளையின் சாதகத்தைத் தூக்கிக்கொண்டு போய், கேந்திரத்தில் குரு நிற்கிறாரோ என்று கேட்கிற தாய்மார் தாங்கள் கிரேக்கம் பேசுவதை அறியமாட்டார்கள்.

ஆங்கிலேயர் ஒத்துப்போகாத மனிதரையும் இந்தச் சொல்லாலேயே குறிப்பார்கள். ஊரோடு ஒட்டாமல் தன்பாட்டிலே ஒரு வழியிலே போகிறவரை நாங்கள் 'விசரன்' என்று ஒரே சொல்லிலே முடித்துவிடுவோம். அவர்கள் மையம் விலகியவர் என்றாவது சொல்கிறார்கள். அது நிற்க.

வீட்டிலே நடந்தது இவ்வளவு இலேசானதன்று. என் தகப்பனார் 1996ஆம் ஆண்டின் தொடக்கத்திலே காலமானார். முன்னைய ஆண்டு ஒக்ரோபரிலே வலிகாமம் முழுவதும் பெயர்ந்து தென்மராட்சிக்குப் போன காலம். நாங்கள் கொடிகாமத்திலே ஒரு பாடசாலைக் கட்டடத்தில் இருந்தோம். விடியற்புறம் நாலு மணியளவிலே உயிர் பிரிந்தது. பக்கத்து அறையிலே இருந்த ஒரு முதியவரிடம் வாக்கிய பஞ்சாங்கம் இருந்தது. அவர் விளக்கை வைத்துப் பார்த்து, தேய்பிறை அட்டமி என்றார். அன்று தொடக்கம் மாதத்தையும் அட்டமியையும் வைத்தே திவசம் செய்து வந்தோம். பல ஆண்டுகளின் பின் கனடாவிலிருந்து அண்ணா தொலைபேசியிலே கேட்டார்: "தம்பி, நான் திருக்கணிதத்திலை பார்த்தனான். அப்பா செத்த நேரம் சத்தமி எல்லோ?" நானும் எடுத்துப் பார்த்தேன். திருக்கணிதப்படி அந்த நாலு மணிக்கு அட்டமி பிறக்கவில்லை. பிறக்க இன்னும் சில மணி நேரம் இருந்தது.

ஒரே வானம், ஒரே சந்திரன். இரண்டு பஞ்சாங்கமும் யாழ்ப்பாணத்துக் கடைகளிலே பக்கத்திலே பக்கத்திலே வைத்து விற்கப்படுகின்றன. இவற்றுக்கிடையே இத்தனை மணி நேரம் ஏன் வருகிறது என்று கணித ஆசிரியரிடம் கேட்டேன். அவர் சிரித்துவிட்டு, "நான் கேட்ட சொல்லுக்குள்ளைதான் சேர் விடை கிடக்குது" என்றார்.

வானொலியிலே படம் வரைந்து காட்ட முடியாது. ஆகையால் ஒரு முற்றத்தை நினைத்துக்கொள்ளுங்கள். முற்றத்திலே ஒரு முளையை அடித்து, வளையமாக முடிந்த கயிற்றை அதிலே மாட்டி, கயிற்றின் மறுபுறத்தில் ஒரு தடியை வைத்து இழுத்தபடி சுற்றிக் கீறினால் வட்டம் வரும். இப்போது இரண்டு முளைகளைச் சற்று இடைவிட்டு அடித்து, அதே கயிற்றை இரண்டையும் சுற்றிப் போட்டுக் கீறுங்கள். வருவது நீள்வளையம். முளைகள் நிற்கும் இடங்கள் குவியங்கள். இரண்டு முளைக்கும் நடுவிலே இருப்பது மையம். மையத்திலிருந்து ஒரு முளை எவ்வளவு அகன்றிருக்கிறதோ அதனை, மையத்திலிருந்து வளையத்தின் நெடிய முனைக்குள்ள தூரத்தால் வகுத்தால் வருவதே மையவகற்சித்திறன். முளைகள் ஒன்றாகிவிட்டால் அது சைபர், உருவம் வட்டம். முளைகள் விலக விலக எண் ஒன்றை நோக்கி ஏறும். உருவம் நீண்டு மெலியும். ஒன்றையே தொட்டால் வளையம் மூடாது. பரவளைவாகி விரிந்து போய்விடும். ஒன்றை மிஞ்சினால் அதிபரவளைவு. 1986இலே வந்துபோன ஹலி வால்வெள்ளிக்கு 0.967. ஆதலால் அது 76 ஆண்டுக்கு ஒருமுறையாவது திரும்பி வரும். 2019இலே கண்டுபிடிக்கப்பட்ட பொறிசோவ் வால்வெள்ளிக்கு 3.36. அது வேறெங்கோ பிறந்து, எங்கள் சூரியனைக் கடந்து போனது, இனி வராது.

பூமிக்கு எவ்வளவு? 0.0167. ஒரு மீற்றர் அகலமான பூமிப் பாதையை முற்றத்திலே கீறுவோமாயின், நெடுக்களவுக்கும் குறுக்களவுக்கும் உள்ள வித்தியாசம் ஒரு மில்லிமீற்றரில் ஏழிலொரு பங்கு. கீறிய கோட்டின் தடிப்பே அதைவிடக் கூட. ஆனால் சூரியன் நிற்கும் முளை நடுவிலிருந்து எட்டு மில்லிமீற்றருக்கு மேல் தள்ளி நிற்கும். அதைக் கண்ணாலே காணலாம். பாடநூல்களிலே கோழிமுட்டை போலப் பூமிப் பாதையைக் கீறிவைத்துப் பிள்ளைகளை மயக்குகிறார்கள். பாதை கண்ணுக்கு வட்டமே. சூரியன்தான் நடுவிலே இல்லை. 'நீட்சி' என்று பெயர் வைக்காமல் 'அகற்சி' என்று வைத்தவர்களுக்கு நான் மனத்துக்குள் நன்றி சொன்னேன். பிள்ளைகளின் வாய் கொஞ்சம் வருந்தினால் வருந்தட்டும்.

இந்த எட்டு மில்லிமீற்றரைத் தொலைகாட்டி இல்லாத காலத்திலே எப்படிக் கண்டார்கள்? உங்கள் வீட்டுச் சுவரிலே தொங்கும் கலண்டரைப் பாருங்கள். ஆனி மாதத்துக்கு 32 நாள், சில ஆண்டுகளிலே 31. மார்கழிக்கு 29, சிலவேளை 30. தமிழ் மாதம் என்பது சூரியன் ஒரு இராசியை, அதாவது 30 பாகையைக் கடக்கும் காலம். ஆனியிலே அதற்கு முப்பத்தொன்றரை நாளுக்கு மேல் எடுக்கிறது. மார்கழியிலே இருபத்தொன்பதே கால் நாளுக்குச் சற்று மேல் போதுமாகிறது. ஆனியிலே சூரியன் எங்களுக்குத் தூரம், 152 மில்லியன் கிலோமீற்றர்; மார்கழியிலே கிட்ட, 147 மில்லியன். வெயில் கொளுத்தும்போது சூரியன் தூரத்திலே நிற்கிறது என்பது கேட்க விசித்திரமாக இருக்கும். வெப்பத்துக்குக் காரணம் பூமியின் சாய்வு. இந்தத் தூர வித்தியாசம் அன்று.

செக்காட்டுவதைப் பார்த்தவர்களுக்கு மிச்சத்தை விளக்குவது எளிது. மாடு ஒரே சீராகச் சுற்றுகிறது. நீங்கள் உரலின் அருகே நடுவிலே நின்றால் அது எப்போதும் ஒரே வேகத்தில் போவதாகவே தெரியும். சற்று ஒருபுறம் தள்ளி நில்லுங்கள். உங்களுக்குக் கிட்ட வரும்போது விருட்டென்று கடக்கும். எட்டப் போகும்போது ஊர்வதுபோல இருக்கும். எங்கள் பழைய கணிதர் இதனை ஒரு சொல்லிலே அடக்கினார்கள்: மந்தோச்சம். மந்தமாகத் தெரியும் உச்சம், அதாவது மிகத் தொலைவான புள்ளி. ஆரியபட்டர் கி.பி. 499ஐ ஒட்டிச் சூரியனின் மந்தோச்சம் 78 பாகை என்றார். மேடத் தொடக்கத்திலிருந்து எண்ணினால் அது மிதுனத்திலே, ஆனி மாதத்திலே விழும். இன்று கணக்குப் பார்த்தாலும் ஏறத்தாழ அங்கேதான் விழுகிறது. ஆனி இருபதை அண்டி.

கிரேக்கத்திலே ஹிப்பார்க்கஸ் இதே வழியிலே, வசந்தம் 94½ நாளும் கோடை 92½ நாளும் இருப்பதைக் கண்டு, பூமியைச் சூரிய வட்டத்தின் நடுவிலிருந்து தள்ளி வைத்தார். அங்கிருந்தே இந்த எண்ணம் இந்தியாவுக்கு வந்திருக்க வேண்டும் என்பதற்குக் கேந்திரம் என்ற சொல்லே சாட்சி. வந்ததை அவர்கள் அப்படியே வைத்திருக்கவில்லை.

சூரியனிலும் சந்திரன் பொல்லாதவன். அவனுடைய அகற்சித்திறன் 0.055, பூமியினுடையதிலும் மூன்று மடங்குக்கு மேல். அவன் கிட்ட வருவதும் எட்டப் போவதும் எவ்வளவு பெரிய விடயம் என்பதை இலங்கையிலே இரண்டு கிரகணங்கள் காட்டின. 1955 யூன் 20இலே, அதாவது ஆனியிலே, சூரியன் எட்டவும் சந்திரன் கிட்டவும் இருந்த வேளை பூரண சூரிய கிரகணம் வந்தது. அந்த நூற்றாண்டிலே மிக நீண்ட பூரண கிரகணம் அதுதான். பிலிப்பைன்ஸ் பக்கத்திலே ஏழு நிமிடத்துக்கு மேல் நீடித்தது. எங்கள் நாட்டின் நடுப்பகுதியிலும் பகலிலே இருட்டியது. 2010 ஜனவரி 15, தைப்பொங்கலுக்கு மறுநாள், எல்லாம் தலைகீழ். சூரியன் கிட்ட, சந்திரன் எட்ட. சந்திரனாலே சூரியனை முழுதாக மூட முடியவில்லை. யாழ்ப்பாணத்திலே பிற்பகல் ஒன்றரை மணியை அண்டி, சுற்றிவர ஒரு நெருப்பு வளையல் மாதிரி ஏறத்தாழப் பத்து நிமிடம் நின்றது. முற்றத்திலே பூவரசின் நிழலெல்லாம் சின்னச் சின்ன வளையல்களாக விழுந்து கிடந்ததை நான் கண்டேன். போர் முடிந்து ஒரு வருடமும் ஆகவில்லை. கண்ணாடிக்காகச் சனம் அடிபட்டது. 2019 டிசம்பர் 26இலும் இப்படி ஒரு வளையம் வந்தது. ஆனால் முதலிலே கண்டதுதான் மனதிலே நிற்கிறது.

இந்தப் பொல்லாத சந்திரனை மனப்பாடத்தாலே பிடித்தார்கள் எங்கள் ஆட்கள். அதுதான் வாக்கியம். சந்திரன் உச்சத்திலிருந்து புறப்பட்டு மீண்டும் உச்சத்துக்கு வர 27½ நாளுக்குச் சற்று மேல் செல்லும். அப்படி ஒன்பது சுற்றுக்கு 248 நாள். மிகக் கிட்டிய முழு எண். ஆகவே 248 வாக்கியங்களைக் கட்டினார்கள். வரருசி செய்தவை என்பது மரபு. ஒவ்வொன்றும் சிறு சொற்றொடர். ஒவ்வோர் எழுத்துக்கும் ஓர் எண் உண்டு. பின்னிருந்து முன்னாக வாசித்தால் அன்றைய நாளிலே சந்திரன் சென்றிருக்கும் இடம் வரும். முதல் வாக்கியம் 12 பாகை 3 கலை. சராசரி ஒரு நாளைக்கு 13 பாகை 11 கலை போக வேண்டியவன் முதல் நாள் குறைவாகப் போகிறான். ஏனென்றால் அவன் நிற்பது மந்தோச்சத்திலே. இரண்டு வாரம் கழித்து ஒரே நாளிலே 14 பாகைக்கு மேல் ஓடுகிறான். 248ஆம் வாக்கியம் 27 பாகை 44 கலையிலே முடிகிறது. இன்றைய சராசரி வேகத்தை வைத்துப் பெருக்கிப் பார்த்தேன், கலை பிசகவில்லை. கூட்டல் கழித்தல் தெரிந்தவன் எவனும், காரணம் ஒன்றும் அறியாமலே, வாக்கியத்தை ஒப்புவித்துத் திதி கணிக்கலாம்.

இது வெறும் புகழ்ச்சி இல்லை என்பதற்கு ஓர் அந்நியனின் சாட்சி உண்டு. ஜோன் வாறன் என்பவர் 1825இலே சென்னையிலே 'காலசங்கலித' என்ற நூலை வெளியிட்டார். புதுச்சேரியிலே பஞ்சாங்கக்காரர் ஒருவர் தரையிலே சோழிகளைப் பரப்பி, அட்டவணைகளை மனப்பாடமாகச் சொல்லி, அந்த ஆண்டு மே 31 இரவுச் சந்திர கிரகணத்தைக் கணித்ததை அவர் பதிந்து வைத்திருக்கிறார். எழுத்து இல்லை, ஏடு இல்லை. தொடக்கத்திலே 4 நிமிடமும், நடுவிலே 23 நிமிடமும், முடிவிலே 52 நிமிடமும் பிசகின.

நான்கு வருடம் கழித்து அதே பிசகு இங்கே ஒரு பெரும் வழக்காயிற்று. இனி அராலிக்கு வருவோம்.

அராலியிலே பஞ்சாங்கக் கணிதம் ஒல்லாந்தர் காலந்தொட்டு வருவது. 1667இலே இராமலிங்கையர் அங்கே பஞ்சாங்கம் கணித்தார் என்று சொல்வது வழக்கம். அந்த ஊரிலே பத்தொன்பதாம் நூற்றாண்டின் முற்பகுதியிலே விளங்கியவர் விசுவநாத சாஸ்திரியார். இலக்கிய நேயர்கள் அவரை வண்ணைக் குறவஞ்சியும் நகுலமலைக் குறவஞ்சியும் பாடியவராக அறிவீர்கள். குறத்தியை ஆடவிட்ட அதே கைதான் கிரகணமும் கணித்தது. அயலூரான வட்டுக்கோட்டையிலே 1823இலே அமெரிக்க மிஷனரிமார் செமினரியை நிறுவியிருந்தார்கள். அதன் அதிபர் டானியல் பூர் பாதிரியார். 1829 மார்ச் 20 மாலை வரவிருந்த சந்திர கிரகணத்துக்குச் சாஸ்திரியாரின் பஞ்சாங்கம் ஒரு கணக்குச் சொல்லியது. பூரின் கணக்கு அதனோடு பொருந்தவில்லை. தொடங்கும் நேரத்திலும், நீடிக்கும் நேரத்திலும், சந்திரன் மறையும் அளவிலும் வேறுபாடு. பூர் அதனைப் பகிரங்கமாக அறிவித்தார். குறித்த மாலையிலே வானம் பூரின் பக்கமே நின்றது.

மிஷனரிமாரின் எழுத்துக்களிலே இது பெரிய வெற்றியாக வருகிறது. ஐரோப்பிய விஞ்ஞானத்தின் முன்னே புராணம் தோற்றது என்றார்கள். பாம்பு விழுங்கும் கதையையும் சாஸ்திரியாரின் கணக்கையும் ஒரே மூட்டையாகக் கட்டினார்கள். எங்கள் பக்கத்திலே பின்னாளில் வந்தவர்கள் வேறு விதமாகச் சமாளித்தார்கள். முன்னோர் எல்லாம் அறிந்திருந்தார்கள், ஏடுதான் கெட்டுவிட்டது என்றார்கள். எனக்கு இரண்டும் பிடிக்கவில்லை. சாஸ்திரியாரின் கணக்கிலே இராகுவுக்குப் பாம்பு வேடம் இல்லை. அது சந்திரன் பாதை சூரியன் பாதையை வெட்டும் புள்ளி. கிரகணம் எந்த நாளிலே, எந்த மாலையிலே என்பதிலே இருவருக்கும் பேதமே இல்லை. சந்திரன் மையம் விலகிச் சுற்றுகிறான் என்பதை இருவருமே கணக்கிலே எடுத்திருந்தார்கள்.

இங்கே ஒரு வியப்பான விடயம் உண்டு. ஆரியபட்டர் வழியினர் சந்திரனின் மந்த வட்டத்தை 31½ பாகை என்று வைத்தார்கள். 360இலே அது 80க்கு 7. அதன்படி சந்திரன் சராசரி இடத்திலிருந்து முன்னுக்கோ பின்னுக்கோ விலகக்கூடிய ஆகக்கூடிய அளவு 5 பாகை 1 கலை. இன்றைய விஞ்ஞானம் அகற்சியாலே வரும் விலகல் 6 பாகை 17 கலை என்கிறது. ஒரு பாகைக்கு மேல் பிழைவிட்டார்களோ என்று தோன்றும். ஆனால் சூரியன் சந்திரனை இழுப்பதால் அவனுடைய அகற்சியே கூடியும் குறைந்தும் வருகிறது. அமாவாசையிலும் பௌர்ணமியிலும் அந்த இழுப்பு விலகலிலே 1 பாகை 16 கலையைக் குறைக்கிறது. கழித்துப் பாருங்கள்: 5 பாகை 1 கலை. கிரகணம் அமாவாசையிலும் பௌர்ணமியிலுமே வரும். அவர்கள் சந்திரனை அளந்தது கிரகணங்களிலே. அளந்த இடத்திலே அவர்கள் அளவு அச்சொட்டு.

அளக்காத இடத்திலே என்ன? சந்திரன் பாதியாகத் தெரியும் அட்டமியிலே அதே 1 பாகை 16 கலை கழிவதற்குப் பதிலாகக் கூடுகிறது. விலகல் ஏழரைப் பாகையைத் தாண்டுகிறது. வாக்கியம் அங்கேயும் ஐந்தையே சொல்லிக்கொண்டிருக்கிறது. வித்தியாசம் இரண்டரைப் பாகை. ஒரு திதிக்குப் 12 பாகை. ஆகவே இரண்டரைப் பாகைக்கு ஐந்து மணி நேரம். இது ஆகக்கூடிய அளவு. எல்லா அட்டமியிலும் அவ்வளவு வராது. வாக்கியத்திலே ஒரு திதி 54 நாழிகைக்குக் குறையாது, 65க்கு மேலும் போகாது. மெய்யான வானத்திலே 50க்கும் இறங்கும், 67க்கும் ஏறும். பௌர்ணமி விரதத்துக்கு இரண்டு பஞ்சாங்கமும் பெரும்பாலும் ஒத்துப்போவதும், அட்டமி நவமியிலே சண்டை பிடிப்பதும் இதனாலேதான்.

கணித ஆசிரியர் இதைக் கடதாசியிலே போட்டுக் காட்டியபோது ஓய்வறையிலே நான் சற்று நேரம் பேசாமல் இருந்தேன்.

இந்தக் குறையை எங்கள் நாட்டவர் அறியாமலும் இல்லை. முஞ்சாலர் 932இலே இரண்டாவது திருத்தம் ஒன்றைத் தம் 'லகுமானச'த்திலே சொல்லிவிட்டார். கேரளத்திலே மாதவர் அதே 248 வாக்கியங்களையும் விகலை வரை திருத்திப் புதிதாகக் கட்டினார். அவர் வழியிலே பரமேசுவரர் ஆண்டுக்கணக்காகக் கிரகணங்களைக் கண்ணாலே பார்த்து, ஏட்டோடு ஒப்பிட்டு, 1431இலே கணித எண்களைத் திருத்தினார். வானத்தைப் பார்த்துக் கணக்கைத் திருத்து என்பதே அவர்கள் கொள்கை. தமிழ்நாட்டிலும் இங்கேயும் 1300ஐ ஒட்டிய 'வாக்கியகரணம்' போட்ட பாதையிலேயே நடந்தோம். ஏன் திருத்தவில்லை? எனக்குத் தோன்றும் காரணம் என் தொழிலோடு சம்பந்தப்பட்டது. வாக்கியங்கள் மனப்பாடத்துக்காகச் செதுக்கப்பட்டவை. நன்றாக மனனம் செய்த ஒன்றிலே எழுத்தை மாற்ற நாவு இடங்கொடாது. நன்னூல் சூத்திரத்தை ஒப்புவிக்கத் தெரிந்த பிள்ளைக்கு நான் முழுப் புள்ளி போட்டிருக்கிறேன். சூத்திரம் சொல்வது இன்றைய பேச்சுக்குப் பொருந்துகிறதா என்று கேட்ட பிள்ளைக்கு எத்தனை தரம் இரு என்று சொல்லியிருக்கிறேன் என்பதையும் நான் மறக்கவில்லை.

ஐரோப்பாவிலே அப்படிக் கேட்ட ஒருவர் கெப்ளர். செவ்வாய்க்கிரகத்தின் இடம் பழைய வட்டக் கணக்கோடு 8 கலை மட்டும் பொருந்தவில்லை. பூரணச் சந்திரனின் அகலத்திலே அது நாலிலொன்று. அந்த 8 கலையை விடமாட்டேன் என்று நின்று, 1609இலே வட்டத்தையே கைவிட்டு நீள்வளையத்துக்குப் போனார். செக்கு மாடு எட்டப் போகும்போது மெதுவாகத் தெரிவது பாதிதான். மற்றப் பாதி அது மெய்யாகவே மெதுவாக நடப்பது என்பதையும் அவரே கண்டார். ஆரியபட்டரின் அகற்சி இன்றைய அகற்சியைவிட ஏறத்தாழ இருமடங்காக இருப்பதன் சூட்சுமம் அதுதான்.

வட்டுக்கோட்டையிலே கதை 1829உடன் முடியவில்லை. பூருக்குப் பின் அதிபராக இருந்த ஹென்றி ஹொய்சிங்ரன் இந்தக் கணிதத்தைத் தாமே இருந்து படித்தார். 1848இலே யாழ்ப்பாணம் அமெரிக்க மிஷன் அச்சகத்திலே 'ஓரியன்ரல் அஸ்ரோனமர்' என்ற நூலை அச்சிட்டார். தமிழ் மூலம், ஆங்கில மொழிபெயர்ப்பு, விளக்கக் குறிப்பு மூன்றும் அதிலே உண்டு. இந்துக் கணிதத்தை மறுக்க வந்தவர்களே அதனை அச்சிலே காப்பாற்றி வைத்தார்கள். நூறு வருடம் கழித்து, 1952இலே, ஓற்றோ நொய்கபவர் என்ற அறிஞர் தமிழ்ச் சோதிகணிதத்தைப் பற்றி ஆராய்ந்து எழுதினார். அவர் எடுத்துக்கொண்டது வாறன் கண்ட சோழிக் கணக்கை. செமினரி 1855இலே மூடப்பட்டது.

அம்மாவுக்கு இவ்வளவையும் சொல்ல முயன்றேன். அடுப்படியிலே இருந்து கேட்டார். அண்ணா சொல்வது சரி, அப்பா சத்தமியிலேதான் போயிருக்கிறார், நாங்கள் இத்தனை வருடமாக ஒரு நாள் பிந்திச் செய்து வந்திருக்கிறோம் என்றேன். அம்மா கேட்டார்: "அண்டைக்கு நிலவு எங்கை நிண்டது எண்டு உனக்கு ஞாபகமோ?"

எனக்கு ஞாபகம் இருந்தது. பாடசாலைக் கிணற்றடிப் பனைகளுக்கு மேலே பாதி நிலவு நின்றது. அதை வைத்துச் சத்தமியா அட்டமியா என்று எவராலும் சொல்ல முடியாது.

"அந்த மனிசன் தன்ரை படுக்கையை விட்டு எழும்பி வந்து, விளக்குப் பிடிச்சுப் பார்த்துச் சொன்ன திதி" என்றார் அம்மா. பிறகு அரிசியைக் களையப் போய்விட்டார்.

இந்த ஆண்டு அண்ணா கனடாவிலே சத்தமியில் செய்தார். நாங்கள் இங்கே மறுநாள் அட்டமியில் செய்தோம். கணித ஆசிரியரும் சாப்பிட வந்திருந்தார்.